அழித்த பிறகும் இடத்தை விடாத கோப்பு

லினக்ஸ் பயன்படுத்தும் வாசகர் ஒருவர், தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் (/tmp) கோப்பகத்திலிருந்த மிகப் பெரிய கோப்பு ஒன்றை ஆர்எம் கட்டளையால் அழித்த பின்னும், கோப்புகளின் அளவைக் கூட்டிக் காட்டும் டியூ (du) கட்டளை அதைக் கணக்கில் காட்டாதபோது, வட்டில் மீதமுள்ள இடத்தைச் சொல்லும் டிஎஃப் (df) மட்டும் வட்டு நிரம்பியிருப்பதாகவே சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறார். இரண்டு கட்டளைகளும் உண்மையைத்தான் சொல்கின்றன.

சி நிரல்களை மொழிபெயர்க்கும் ஜிசிசி கம்பைலர் இடைநிலை அசெம்பிளி நிரலையும், வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் (sort) கட்டளை நினைவகத்தில் அடங்காத துண்டுகளையும் டெம்ப் கோப்பகத்தில் எழுதிவைக்கும் என்பது பலரும் அறிந்ததே. யூனிக்ஸ் மரபில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. அளவு, உரிமைகள், தரவு இருக்குமிடம் ஆகியவை ஐநோடு என்ற பதிவில் இருக்கும். கோப்பகத்தில் இருப்பது பெயரும் ஐநோடு எண்ணுமே. ஆர்எம் அந்தப் பெயரை நீக்கி, கோப்புக்கு எத்தனை பெயர்கள் உள்ளன என்று சொல்லும் இணைப்பு எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. அந்த எண்ணிக்கை சுழியாகி, கோப்பைத் திறந்துவைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடினால்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னல் இடத்தை விடுவிக்கும். டியூ பெயர்களைத் தேடிச் சென்று கூட்டுகிறது. டிஎஃப் கோப்பு முறைமையிடமே கணக்குக் கேட்கிறது.

தொல்லையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் அழகை, நாம் தரும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் (bash) நிரலில் பார்க்கலாம். ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிய பல வரி உரையை, அதாவது ஹியர்-டாக்குமென்ட்டை, ஒரு கட்டளைக்கு ஊட்டும்போது, பாஷ் அதைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, படிப்பதற்குத் திறந்துகொண்டு, கட்டளை ஓடத் தொடங்கும் முன்பே பெயரை நீக்கிவிடும். (5.1 பதிப்பு முதல் சிறிய உரைகள் கோப்பே இல்லாமல், நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் பைப் வழியே செல்கின்றன.) பெயரற்ற அந்தக் கோப்பைப் படிக்கும் கட்டளையை எந்த நிரலும் தடுக்க முடியாத 9ஆம் சிக்னலால் கொன்றாலும் குப்பை மிஞ்சாது, இறக்கும் நிரலின் கோப்புகளைக் கெர்னலே மூடிவிடும். தன் துண்டுகளைப் பின்னர் மீண்டும் திறக்க வேண்டிய சார்ட் அவற்றைப் பெயரோடு வைத்திருப்பதால், அதே சாவில் எச்சங்கள் கிடந்துவிடுகின்றன. உருவாக்குவதற்கும் பெயர் நீக்குவதற்கும் இடையிலுள்ள நொடிப்பொழுதைக்கூட விட்டுவைக்காமல், பிறக்கும்போதே பெயரில்லாத கோப்பை உருவாக்கும் வசதி 2013இல் லினக்ஸ் 3.11உடன் வந்தது.

வாசகர், திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையில் ‘டெலிட்டட்’ என்று குறிக்கப்பட்ட வரியைத் தேடி, அந்த நிரலை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதும். எதற்கெடுத்தாலும் சர்வரையே ரீபூட் செய்வதை நான் பரிகாரப் பூசையோடுதான் சேர்ப்பேன்: பலன் கிடைக்கும், காரணம் தெரியாது. டெபியன் 13 போல டெம்ப் கோப்பகத்தை நினைவகத்திலேயே வைக்கும் இயங்குதளங்களில் இப்படி மாட்டிக்கொண்ட கோப்பு ராமை விழுங்கும் என்பதால், அங்கே பெரிய சார்ட் வேலைகளுக்கு தற்காலிகக் கோப்புகளை எங்கே வைப்பது என்று சொல்லும் டெம்ப்டிர் (TMPDIR) மாறியில் வட்டிலுள்ள கோப்பகம் ஒன்றைக் குறிப்பிடுவது நல்லது.