வளங்குன்றா: சஸ்டெயினபிள் என்பதற்குச் சரியான தமிழ்

ராமேஸ்வரம் தீவில் பனையோலைப் பெட்டி, கருப்பட்டி, துணிப்பை விற்கும் சின்னச் சின்னக் கடைகள் வர ஆரம்பித்திருக்கின்றன. நல்ல விஷயம், இன்னும் வரட்டும். ஆனால் கடைப் பலகையிலும் பயிற்சி வகுப்பின் துண்டறிக்கையிலும் ‘நிலையான தொழில்’, ‘நிலையான தீவு வாழ்க்கை’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்கவில்லை. சஸ்டெயினபிள் (sustainable) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். இது பொருளையே கவிழ்த்துப்போடும் தமிழாக்கம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘சஸ்டினேரே’ என்றால் கீழிருந்து தாங்குவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இன்றைய கருத்து காட்டில் பிறந்தது. 1713இல் ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ், காடு திரும்ப வளரும் அளவுக்கு மேல் மரம் வெட்டக் கூடாது என்று எழுதினார். 1987இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம், வரும் தலைமுறையின் தேவைக்குக் குறை வைக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றும் வளர்ச்சி என்று இதை விளக்கியது. 2015இல் ஐ.நா. இப்படிப்பட்ட வளர்ச்சிக்காக 17 இலக்குகளை வகுத்தது. இவ்வளவு தூரத்திலும் அசையாமல் நிற்பது பற்றி எங்கும் பேச்சில்லை. எடுப்பதற்கு அளவு வை என்பதுதான் பேச்சு.

‘நிலையான’ என்றால் தமிழில் என்ன? மாறாதது, உறுதியானது. நிலையான அரசு, நிலையான விலை, நிலையான வருமானம். மகளிர் குழுப் பயிற்சி ஒன்றில் ஓர் அம்மா எழுந்து, “நிலையான தொழில்னா மாசாமாசம் காசு வருமா சார்?” என்று கேட்டார். அவர் சொல்லைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார், அந்தச் சொல்லுக்குத் தமிழில் அதுதான் பொருள். தவறு துண்டறிக்கை எழுதியவருடையது.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு நம் கடலிலேயே சாட்சி இருக்கிறது. பிலிப்பைன்ஸைத் தாயகமாகக் கொண்ட கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை பாக் விரிகுடாப் பக்கம் மிதவை கட்டி வளர்த்தார்கள். பல குடும்பங்களுக்கு அது வருமானம் கொடுத்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே பாசி மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவுப் பக்கம் போய் உயிருள்ள பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வருமானம் நிலையாக இருக்கலாம், அப்போதே கடலின் வளம் குன்றலாம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல் நமக்கு எதற்கு?

மறுபக்கம் பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியை எடுக்கிறவர்கள். மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பது, மற்ற நாட்களில் பாசியை வளர விடுவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது கிடைத்தது. அவர்கள் தொழில் எந்த விதத்திலும் நிலையானதல்ல. காற்று மாறினால் இல்லை, கடல் கலங்கினால் இல்லை. ஆனால் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்கிறது. சஸ்டெயினபிள் என்றால் இதுதான்.

தீவையே ‘நிலையான’ என்று சொல்வது இன்னும் மோசம். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் இரண்டு இப்போது கடலுக்கடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைத் தோண்டியதும் அதற்கு ஒரு காரணம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி என்ன ஆனது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு நிலையான தீவு வாழ்க்கை என்று பலகை வைக்கலாமா?

சரி, மாற்றாகச் சொல்லும் மற்ற சொற்கள்? ‘நீடித்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். நீடித்த காய்ச்சல், நீடித்த இழுபறி என்றுதான் காதில் விழுகிறது. இனி வருவதைப் பற்றிய கருத்துக்கு ஏற்கெனவே முடிந்துபோனதன் வடிவமா? சிலர் இரண்டையும் ஒட்டி ‘நீடித்த நிலையான’ என்கிறார்கள். ஒரு சொல்லில் நம்பிக்கை இல்லாததால் இரண்டாவதைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இலங்கையில் ‘நிலைபேறான’ என்பது வழக்கம். அதிலும் அதே ‘நிலை’ உட்கார்ந்திருக்கிறது.

‘பேண்தகு’ என்பதற்கு ஆதரவாளர் அதிகம். பேண் என்றால் காத்தல், ஏபிள் என்பதற்குத் தகு, ஆக பேண்தகு என்று கணக்குப் போட்டு விடை எழுதுகிறார்கள். அயல் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்கொரு தமிழ்த்துண்டு வைக்கும் இந்தப் பழக்கம் நம் கலைச்சொல் ஆக்கத்தையே கெடுக்கிறது. பேண்தகு வளர்ச்சி என்றால் என்ன? பேணத் தகுந்த வளர்ச்சி. அதாவது வளர்ச்சியை நாம் பேண வேண்டும்! பேண வேண்டியது பவளத்தையும் பனையையும் மீன்குஞ்சையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பது மீன் பெருகுவதற்காகத்தானே? வளர்ச்சியைப் பேணுவதற்கா? பேண்தகு சாப்பாட்டுக்கடை என்று எழுதினால் அந்தக் கடை பாதுகாக்கப்பட வேண்டிய பழைய கட்டடம் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

என் தேர்வு ‘வளங்குன்றா’. இதை யாரும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, குறளில் இருக்கிறது: “கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடென்ப நாட்டின் தலை.” கேடு வரவே வராது என்று வள்ளுவர் சொல்லவில்லை. வந்து கெட்டாலும் வளம் குன்றாத நாடே தலை என்கிறார். அசையாமல் நிற்பதைக் கேட்கவில்லை, அடிபட்ட பிறகும் தருகிற தன்மையைக் கேட்கிறார். நிலையாமை என்று தனி அதிகாரமே வைத்தவர், இந்த இடத்தில் ‘நிலையான நாடு’ என்று எழுதவில்லை.

எதிர்மறைச் சொல்லாக இருக்கிறதே என்கிறார்கள். வற்றா ஊற்று, வாடா மலர், அழியாப் புகழ் எல்லாம் எதிர்மறைதான், தமிழ் பெரிதாகப் பாராட்டுவதே இப்படித்தான். நீளம் என்கிறார்கள். ‘நீடித்த நிலையான’ என்பதைவிடக் குறைவு. வளங்குன்றாத் தொழில், வளங்குன்றாத் தீவு வாழ்க்கை. நடுவில் ‘த்’ போட மறக்க வேண்டாம், இப்போது வரும் மொழிபெயர்ப்புகளில் அதுவும் காணாமல் போகிறது.

ஆனால் இதையும் எல்லாவற்றின் மேலும் ஒட்டக் கூடாது. தொழில், விவசாயம், மீன்பிடிப்பு, வாழ்க்கை முறை இவற்றுக்குச் சரி. சோப்புக்கும் சட்டைக்கும் பொருந்தாது, அங்கே ‘சூழலைக் கெடுக்காத’ என்றால் போதும். ‘பசுமை’ என்ற முத்திரையையும் எச்சரிக்கையாகத்தான் பயன்படுத்த வேண்டும். பச்சை மை பூசிய எல்லாப் பையும் இப்போது பசுமைப் பை ஆகிவிட்டது. ஓலைப்பெட்டி விற்கிறவர் பசுமை, நிலையான, பேண்தகு என்று மூன்று சொல்லை அட்டையில் அச்சடிக்கிறார். அதற்குப் பதிலாக, மரம் பட்டுப்போகாத அளவுக்குத்தான் குருத்து வெட்டுகிறோம், பிளாஸ்டிக் உறை போடுவதில்லை என்று செய்வதை எழுதட்டும். மேலே ஒரு சொல் வேண்டுமென்றால் வளங்குன்றா என்று போடட்டும்.