ஷிலுமிம்: மன்னிப்பு சேராத ஈடு

எபிரேயச் சொல், பன்மை வடிவம். குற்றம் செய்தவன் கொடுத்தே தீரவேண்டிய ஈட்டை இது குறிக்கும். நாஜிகள் செய்த யூதப் படுகொலைக்காக 1952-இல் மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்குத் தர ஒப்புக்கொண்ட 300 கோடி மார்க்குக்கு (ஜெர்மானிய நாணயம்) எபிரேயத்தில் இதுதான் பெயர்.

சொல்லைத் தேர்ந்தவர் என்று மோஷே ஷாரெட்டைச் சொல்வார்கள். இஸ்ரேலின் முதல் வெளியுறவு அமைச்சர் (1948-56), இடையில் 1954-55-இல் பிரதமர். 1894-இல் இன்றைய உக்ரைனின் கெர்சோனில் பிறந்து, 1906-இல் பாலத்தீனம் வந்து, அரபுக் கிராமம் ஒன்றில் சிறுவயதைக் கழித்ததால் அரபு நன்றாகத் தெரியும். எபிரேயத்தில் யார் இலக்கணப் பிழை விட்டாலும் திருத்துகிற ஆள். அப்படிப்பட்டவர் கையில் இந்த ஒப்பந்தம் வந்தபோது பெயர் வைப்பதும் ராஜதந்திர வேலையாகிவிட்டது.

ஜெர்மானியர் சொன்ன 'வீடர்குட்மாஹுங்' என்பதற்கு 'மறுபடி நல்லதாக்குதல்' என்று பொருள். அறுபது லட்சம் உயிர்களை எப்படி நல்லதாக்குவது? 'பிட்சுயிம்' என்ற எபிரேயச் சொல்லோ வேலை போனவருக்குத் தரும் தொகைக்கும் வழங்குவது. ஷாரெட் ஏசாயா 34:8-க்குப் போனார். பழிவாங்கும் நாளைப் பற்றிய வசனம் அது. தமிழ் வேதாகமத்தில் 'பதிலளிக்கும் வருஷம்' என்று வருமிடத்தில் மூலத்தில் இருப்பது ஷிலுமிம். 'ஷாலோம்' பிறந்த அதே வேர்தான், ஆனால் இங்கே சமாதானம் எதுவுமில்லை, கணக்குத் தீர்ப்பது மட்டுமே.

சொல்லை வைத்து நாட்டைச் சமாதானப்படுத்த முடியவில்லை என்பது வேறு. ஜெர்மனியின் பணமே வேண்டாம் என்று 1952 ஜனவரியில் எதிர்க்கட்சித் தலைவர் மெனாகெம் பெகின் தலைமையில் எதிர்ப்பு வெடித்து, நாடாளுமன்றத்தின் மீது கல் விழுந்தது. ஜெர்மனியோடு பேசலாம் என்ற தீர்மானம் 61-50 என்றுதான் தேறியது. செப்டம்பர் 10 அன்று லக்சம்பர்கில் ஷாரெட்டும் மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் (சான்சலர்) அடினாவரும் உரை எதுவும் நிகழ்த்தாமல் கையெழுத்திட்டார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பரிகாரம்' கூடாது, செய்தவுடன் தோஷம் கழிந்துவிடும். அது ஜெர்மானியர் சொல்லுக்குத்தான் பொருந்தும். 'நிவாரணம்' புயல், வெள்ளத்துக்கு அரசு தருவது, அதில் குற்றவாளியே கிடையாது. 'நட்ட ஈடு' விபத்து வழக்கு வாசனை அடிக்கிறது. செய்தித்தாள்கள் எழுதும் 'இழப்பீடு' பரவாயில்லை, ஆனால் இழந்தவரைக் காட்டுகிறதே தவிர, இழக்கவைத்தவரைக் காட்டவில்லை. என் தேர்வு 'பழியீடு'. அகராதியில் தேட வேண்டாம், கூட்டிச் செய்ததுதான். பொதுக் கட்டுரைக்கு 'இழப்பீடு' போதும். இந்த ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் எழுதும்போது 'பழியீடு' என்று எழுதி, முதல் தடவை பக்கத்தில் ஷிலுமிம் என்றும் போட்டுவிடலாம்.