கஞ்சி போட்ட வேட்டியும் மூளைப் புரதமும்

மயிலாப்பூரில் எங்கள் தாத்தா பென்ஷனுக்காக வருஷா வருஷம் வங்கியில் கையெழுத்துப் போடுவார். ஒரு வருஷம் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. முதல் எழுத்து பழைய அளவில் இருந்தது. போகப்போகச் சுருங்கி, கடைசி எழுத்து எறும்பு மாதிரி ஆகியிருந்தது. அதற்குப் பல வருஷம் முன்பே, ரசம் தாளிக்கும்போது பெருங்காய வாசனை தெரியவில்லை என்று சொல்லியிருந்தார். ஜலதோஷம் என்று விட்டுவிட்டோம். இரண்டுமே, மூளை நரம்பணுக்கள் பழுதாகி உடலசைவு தளரும் பார்க்கின்சன் நோயின் அடையாளங்கள்.

இந்த நோயில் நரம்பணுக்களுக்குள் கட்டியாகத் தேங்குவது ஆல்ஃபா சைனூக்ளின் என்றொரு புரதம். 140 அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி அது. வழக்கமாகத் தொளதொளவென்று மிதந்துகொண்டிருக்கும். எப்போதாவது ஒன்று தட்டையாக மடிந்துவிடும். அப்படி மடிந்ததன் விளிம்பு, அடுத்த சங்கிலியை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்கும். வந்து ஒட்டும் சங்கிலியும் அதே வடிவத்துக்கு மடியும். கஞ்சி போட்ட வேட்டியை ஈரத்தோடு மடித்து வைத்தால் மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொள்ளுமே, அப்படித்தான். 1854இல் ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர் இதுபோன்ற படிவில் அயோடினை இட்டுப் பார்த்து, மாவுச்சத்து என்று எண்ணி ‘அமிலாய்டு’ என்று பெயர் வைத்தார். புரதம் என்று பிறகுதான் தெரிந்தது. பெயர் மாறவில்லை.

புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதற்கு உலகமே பயன்படுத்தும் வரைபடம் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்டது. அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் கோணங்களெல்லாம் அதில் விலக்கப்பட்ட பகுதி. அமிலாய்டு மடிப்பை அதில் தேடிப் பார்த்தால், பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட பீட்டா பகுதியிலேயே, அதாவது சங்கிலி நீண்டு தட்டையாகக் கிடக்கும் கோணங்களிலேயே, உட்கார்ந்திருக்கும். பட்டு நூலுக்கு உறுதி தரும் மடிப்பும் அங்கேதான் இருக்கிறது. ஆக, இந்த மடிப்பு இயற்கையின் எந்த விதியையும் மீறவில்லை; எல்லா வயதிலும் நேரக்கூடியது. ராமச்சந்திரனே கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்டார் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அப்படியானால் முதுமையில் மட்டும் ஏன் தேங்குகிறது? கெட்ட புரதத்தை நறுக்கிப்போட உயிரணுவுக்குள் புரோட்டியசோம் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் வாய் குறுகல். ஒற்றைச் சங்கிலி நுழையும், கட்டி நுழையாது. கட்டியைக் கரைப்பது லைசோசோம் என்ற செரிமானப் பையின் வேலை. வயதாக ஆக இரண்டுமே தளர்கின்றன. தோலணு இரண்டாகப் பிரியும்போது குப்பையும் பங்காகிக் குறையும். நரம்பணு பிரிவதில்லை. எழுபது வருஷக் குப்பையும் அதற்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

மறதி நோயான அல்சைமரில் புரதங்கள் வேறு: நரம்பணுவுக்கு வெளியே பீட்டா அமிலாய்டு, உள்ளே டௌ. தேங்கும் விதம் இதேதான்.

தாத்தாவுக்கு லெவோடோபா கொடுத்தார்கள். உடலசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் இந்த நோயில் குறைந்துபோகும்; அதை அந்த மருந்து ஈடுசெய்யும், கட்டியைத் தொடாது. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் எழுத்து கொஞ்சம் பெரிதாகும். அந்த நேரம் பார்த்துத்தான் படிவத்தை அவர் முன்னால் வைப்போம்.