பூங்காவில் டிக்கெட் விழா: கவுன்சிலால் என்ன முடியும், நாம் என்ன கேட்கலாம்?

மே மாதம் வந்தால் லண்டனின் பெரிய பூங்காக்கள் சிலவற்றில் வேலி எழும்பும். லாரி லாரியாக மேடைச் சாமான் வந்து இறங்கும். நேற்றுவரை பிள்ளைகள் பந்து விளையாடிய புல்வெளிக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தடுப்பு நிற்கும். உள்ளே போக டிக்கெட் வேண்டும். "இது பொதுப் பூங்காதானே, யாரைக் கேட்டு அடைத்தார்கள்?" என்று அப்போதுதான் பலரும் கேட்கிறோம். கேள்வி சரியானது. ஆனால் கேட்கும் நேரம் பெரும்பாலும் பிந்திவிடுகிறது.

எனக்கும் அப்படித்தான் ஆனது. எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவின் கேட்டில் வெளிர்நீலத் தாள் ஒன்று கட்டியிருந்தது. அதைத் தாண்டித்தான் தினமும் நடந்தேன். ஒருநாள் நின்று வாசித்தபோது ஆட்சேபம் சொல்வதற்கான கடைசி நாள் போய்விட்டிருந்தது. அதன் பிறகுதான் இந்தச் சட்டங்களைத் தேடிப் படித்தேன்.

இங்கே சொல்வது இங்கிலாந்துச் சட்டம்; ஸ்காட்லாந்தில் வேறு. ஹைட் பார்க் போன்ற அரச பூங்காக்களும் இதில் சேராது. அவற்றை 2017 முதல் ஓர் அறக்கட்டளை நடத்துகிறது, உள்ளாட்சி மன்றமான கவுன்சில் அல்ல.

கவுன்சில் பூங்காவில் ஒரு பெரிய விழா நடக்க மூன்று தனித்தனி அனுமதிகளைப் பார்க்க வேண்டும். நிலத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் கவுன்சில் தரும் சம்மதம் ஒன்று. நிலப் பயன்பாட்டுக்கான திட்ட அனுமதி இரண்டாவது. மது, இசை ஆகியவற்றுக்கான உரிமம் மூன்றாவது. மூன்றையும் தருவது ஒரே கவுன்சில்தான் என்றாலும் விதிகளும் கெடுக்களும் வேறு வேறு. புல் நாசமாகிறது என்ற கவலையை உரிமக் குழுவிடம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் குழுவுக்குப் புல்லைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரமே இல்லை. நல்ல வாதம், தவறான கதவு.

முதலில் நிலம். 1906ஆம் ஆண்டின் திறந்தவெளிகள் சட்டம், பத்தாவது பிரிவு: இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு கவுன்சில் வைத்திருக்கும் பூங்கா பொதுமக்களின் பொழுதுபோக்குக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்ட நிலம். கவுன்சில் அதன் காவலாளி. விருப்பம்போல் விற்கும் முதலாளி அல்ல. இது வெறும் அலங்கார வாக்கியம் இல்லை என்பதை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் காட்டியது. ஷ்ரூஸ்பரி நகரில் கிரீன்ஃபீல்ட்ஸ் விளையாட்டுத் திடலின் ஒரு பகுதியை நகர கவுன்சில் 2017இல் வீடு கட்டும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. விற்கும் முன் உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து இரண்டு வாரம் விளம்பரம் தர வேண்டும் என்பது சட்டம்; தரவில்லை. அதனால் நிலம் கைமாறிய பிறகும் பொதுமக்களின் உரிமை அதன் மேல் அப்படியே இருக்கிறது என்று தீர்ப்பு வந்தது, வீடுகளுக்கான திட்ட அனுமதியும் ரத்தானது.

அப்படியானால் வேலி போடுவதே சட்டவிரோதம்தானே? இல்லை. இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். வடக்கு லண்டனில் 1869இல் திறக்கப்பட்ட ஃபின்ஸ்பரி பூங்காவில் 2014இல் வயர்லெஸ் இசை விழா நடக்கத் தொடங்கியது. 2016 விழாவுக்கு ஹாரிங்கே கவுன்சில் தந்த சம்மதத்தை எதிர்த்து பூங்காவின் நண்பர்கள் அமைப்பு வழக்குப் போட்டது. லண்டன் பூங்காக்களுக்கென்று 1967இல் வந்த சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு: ஒரு ஏக்கர் அல்லது பூங்காவின் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது பெரிதோ அதற்கு மேல் அடைக்கக் கூடாது. விழா அதைவிட எவ்வளவோ பெரிய இடத்தை அடைத்தது. கேட்க வலுவான வாதம்தான். ஆனால் உயர் நீதிமன்றமும் 2017 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கவுன்சில் பக்கமே நின்றன. 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 145ஆவது பிரிவு, கேளிக்கை நிகழ்ச்சிகளுக்காகப் பூங்காவின் எந்தப் பகுதியையும் அடைக்கக் கவுன்சில்களுக்குத் தனி அதிகாரம் தருகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கு வரம்பு இதைக் கட்டாது.

ஆகவே "அடைத்ததே தப்பு" என்று வாதிட்டு இன்று ஜெயிப்பது கடினம். பூங்காவை யாராவது நிபந்தனையோடு தானம் கொடுத்திருக்கிறார்களா என்று பத்திரத்தைப் பார்ப்பது பயன்படலாம். முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் படும் சிரமத்தைக் கவுன்சில் எடைபோட்டதா என்றும் கேட்கலாம்; 2010 சமத்துவச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது.

இரண்டாவது கதவில் கதை மாறுகிறது. ஒரு நிலத்தைத் தற்காலிகமாக வேறு காரியத்துக்குப் பயன்படுத்தத் திட்ட அனுமதி தேவையில்லை, ஆனால் ஓராண்டில் மொத்தம் 28 நாள்வரைதான். சந்தை என்றால் அதில் 14 நாள். மேடை கட்டும் நாட்களும் பிரிக்கும் நாட்களும் இதில் அடங்குமா? தெற்கு லண்டனின் ப்ரோக்வெல் பூங்கா வழக்கில் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வந்து நின்றது. அங்கே கோடையில் பல டிக்கெட் விழாக்கள் வரிசையாக நடக்கின்றன. நிலப் பயன்பாடு சட்டப்படிதான் நடக்கிறது என்று லாம்பெத் கவுன்சில் சான்றிதழ் தந்திருந்தது. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் நாள்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்தார்கள்: கட்டும் நாட்களையும் பிரிக்கும் நாட்களையும் சேர்த்து 37 நாள். 2025 மே 16 அன்று உயர் நீதிமன்றம் அந்தச் சான்றிதழ் செல்லாது என்றது. விழா தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது.

விழாக்கள் நின்றுவிட்டனவா என்றால், இல்லை. நாட்களைக் குறைத்து அமைப்பாளர்கள் புதிதாகச் சான்றிதழ் கேட்டார்கள், நிகழ்ச்சிகள் நடந்தன. ஆனாலும் இதைச் சின்ன வெற்றியாக நான் நினைக்கவில்லை. 28 நாளைத் தாண்டினால் முறையான திட்ட விண்ணப்பம் போட்டாக வேண்டும். அப்படிப் போட்டால் மரங்கள், வௌவால், மண், போக்குவரத்து, இரைச்சல் எல்லாம் மேசைக்கு வரும். நாமும் கருத்து எழுதலாம். புல்லைப் பற்றிய கவலைக்கு உரிய கதவு இதுதான். முதல் லாரி உள்ளே வரும் நாளையும் கடைசித் துண்டு வேலி வெளியே போகும் நாளையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஆண்டு முழுவதும் அந்த நிலத்தில் நடப்பது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது உரிமம். 500 பேருக்குக் குறைந்த கூட்டம் என்றால் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு போதும், அதை எதிர்க்கக் காவல்துறைக்கும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கும் மட்டுமே உரிமை. அதைவிடப் பெரிய விழாவுக்கு 2003 உரிமச் சட்டப்படி இட உரிமம் வேண்டும். அந்த விண்ணப்பத்தின் அறிவிப்புதான் கேட்டில் தொங்கும் வெளிர்நீலத் தாள். 28 நாள் அது அங்கே இருக்க வேண்டும். அந்த 28 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் எழுதலாம், பக்கத்துத் தெருவில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் குற்றத்தைத் தடுப்பது, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, குழந்தைகளைக் காப்பது என்ற நான்கைச் சுற்றியே எழுத வேண்டும். "இரவு பதினொரு மணிக்குப் பிறகும் இசையின் பாஸ் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது, இன்ன தேதி, இன்ன நேரம்" என்று எழுதினால் எடை உண்டு. "விழா பிடிக்கவில்லை" என்றால் ஒதுக்கிவிடுவார்கள். பொருத்தமான ஆட்சேபம் ஒன்று வந்தாலே பொதுவாக விசாரணை வைத்தாக வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் விண்ணப்பதாரருக்குத் தெரியவரும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு விஷயம். சில கவுன்சில்கள் பூங்காவுக்கு நிரந்தர உரிமத்தைத் தாங்களே எடுத்து வைத்திருக்கும். அங்கே ஆண்டுதோறும் நீலத்தாள் வராது. அப்போது உரிமத்தை மறுஆய்வு செய்யக் கோரலாம். அதற்கும் யாருக்கும் உரிமை உண்டு.

சரி, கவுன்சில்கள் ஏன் இதைச் செய்கின்றன? பணம் இல்லை. நூலகத்தையும் முதியோர் பராமரிப்பையும் கவுன்சில் சட்டப்படி தந்தே தீர வேண்டும். பூங்காவைப் பராமரிக்க அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2010க்குப் பிறகு மத்திய அரசின் நிதி சுருங்கியபோது வெட்டு விழுந்த இடங்களில் இதுவும் ஒன்று. எனவே கவுன்சிலர்கள் எல்லாரையும் பூங்காவின் பகைவர்களாக நான் பார்க்கவில்லை. அதே ப்ரோக்வெல் பூங்காவில் 1974இல் தொடங்கிய லாம்பெத் கிராமக் கண்காட்சிக்கு நுழைவு இலவசம். அப்படிப்பட்ட நாட்கள் பூங்காவுக்கு உயிர் தருகின்றன. ஆனால் பூங்காவைக் காப்பாற்றத்தான் வாடகைக்கு விடுகிறோம் என்று சொல்கிறவர்கள், அந்த வாடகை அதே பூங்காவுக்குத் திரும்புகிறதா என்று காட்ட வேண்டும். கவுன்சில் கூட்டங்களில் பாதி விவாதம் இந்தக் கணக்கு தெரியாமலேயே நடக்கிறது.

கணக்கைக் கேட்க வழி உண்டு. தகவல் சுதந்திரச் சட்டப்படி ஒரு மின்னஞ்சல் போதும், 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். எவ்வளவு வருமானம், அதில் எவ்வளவு இந்தப் பூங்காவுக்குச் செலவானது, நிலத்தைச் சீராக்க எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வணிக ரகசியம் என்று மறுத்தால் மறுபரிசீலனை கேட்டு, அப்புறம் தகவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போகலாம். இதைவிடக் கூர்மையான உரிமை ஒன்று 2014 தணிக்கைச் சட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை 30 வேலை நாட்கள், உள்ளூர் வாக்காளர் எவரும் கவுன்சிலின் கணக்கையும் அதற்குரிய ஒப்பந்தம், பில் போன்றவற்றையும் நேரில் பார்க்கலாம், தணிக்கையாளரைக் கேள்வி கேட்கலாம். தேதி கவுன்சில் இணையதளத்தில் வரும்.

கவுன்சில் கூட்ட நிகழ்ச்சிநிரல் ஐந்து முழு வேலை நாட்களுக்கு முன் வெளியாகிவிடும். பொதுமக்கள் பேச முன்பதிவு செய்வது எப்படி என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். கூட்ட ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஜனநாயக சேவைப் பிரிவுக்குப் போன் செய்தால் சொல்வார்கள். நீதிமன்றம் கடைசி வழி, கெடு மிகக் குறுகியது. திட்ட அனுமதி முடிவென்றால் ஆறு வாரம். மற்ற முடிவுகளுக்கு அதிகபட்சம் மூன்று மாதம், அதிலும் தாமதிக்காமல். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவில் வீட்டை இழக்க வேண்டியிருக்குமோ என்ற பயம் நியாயமானது. சுற்றுச்சூழல் வழக்குகளில் தனிநபர் தர வேண்டிய எதிர்த்தரப்புச் செலவுக்கு வழக்கமான உச்சவரம்பு 5,000 பவுண்டு.

கோடை விழாக்களின் வேலை குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். ஜனவரியில் பூங்கா கேட்டில் வெளிர்நீலத் தாளைக் கண்டால் நின்று வாசியுங்கள். விண்ணப்ப எண்ணும் கடைசி நாளும் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.