சொல் விளக்கம்: ஹெக்ஸெ

ஜெர்மனில் 'ஹெக்ஸெ' என்றால் தமிழில் சூனியக்காரி. கதைப் புத்தகத்துக்கு அது போதும். 16, 17ஆம் நூற்றாண்டு ஜெர்மன் எழுத்துகளைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதுதான் இந்தத் தமிழ்ச் சொல் இடிக்கிறது.

பழைய ஜெர்மனில் இதன் வடிவம் 'ஹகஸுஸ்ஸா'. முன்பாதி, வேலியைக் குறிக்கும் 'ஹக்' என்பார்கள். பின்பாதிக்கு ஆளுக்கொரு விளக்கம். 'வேலிமேல் உட்கார்ந்திருப்பவள்' என்று அழகாக முடிப்பவர்களை அப்படியே நம்ப வேண்டாம்.

வேர் பழையதானாலும், இந்தச் சொல் நீதிமன்றத்துக்குள் வந்தது 15ஆம் நூற்றாண்டில், சுவிட்சர்லாந்துப் பக்கத்து விசாரணைகளில்தான். அப்புறமும் மந்திர வித்தையைக் குறிக்கும் பழைய சொல்லான 'ட்சௌபரை' போய்விடவில்லை. ஜெர்மன் பேரரசின் 1532ஆம் ஆண்டுக் குற்றச் சட்டமான கரோலினா, 109ஆம் பிரிவில் அதைத்தான் சொல்கிறது: மந்திரத்தால் பிறருக்குக் கேடு செய்தால் தீயிட்டுக் கொல்ல வேண்டும். மார்ட்டின் லூத்தர் மொழிபெயர்த்த ஜெர்மன் பைபிளிலும் யாத்திராகமம் 22இல் இருப்பவள் 'ட்சௌபரின்', அதாவது மந்திரம் செய்பவள்; தமிழ் பைபிளில் அவளே சூனியக்காரி.

ட்சௌபரை என்பது மந்திர வித்தை, தனியாள் செய்வது. ஹெக்ஸெ என்றால் சாத்தானோடு ஒப்பந்தம், அவனோடு உறவு, பறந்து போய் இரவுக் கூட்டத்தில் சேர்வது, ஊருக்குக் கேடு என எல்லாம் ஒரே மூட்டை. கூட்டம் என்று வந்துவிட்டதால், பிடிபட்டவளைச் சித்திரவதை செய்து 'வேறு யாரைப் பார்த்தாய்?' என்று கேட்டார்கள். வலி தாங்காமல் அவள் சொன்ன பெயர்களே அடுத்த வழக்குகள். ஃப்ரீட்ரிக் ஷ்பே என்ற இயேசு சபைப் பாதிரியார் 1631இல் பெயர் போடாமல் வெளியிட்ட 'கௌட்சியோ கிரிமினாலிஸ்' என்ற நூல் சாடியது இந்த முறையைத்தான்.

1587இல் பிராங்க்ஃபர்ட்டில் அச்சான, ஃபௌஸ்ட் என்ற டாக்டரின் கதையிலும் சாத்தானோடு ஒப்பந்தம் உண்டு, அதுவும் ரத்தத்தில் எழுதியது. ஆனால் நூலின் தலைப்பு அவரை 'ட்சௌபரர்' என்கிறது. படித்த டாக்டர் அல்லவா, பெயரும் கௌரவமாக இருக்கிறது!

தமிழில் எப்படி எழுதலாம்? ட்சௌபரர் மந்திரவாதி, ட்சௌபரின் மந்திரக்காரி. கேடு செய்யும் மந்திரமான 'ஷாடன்ட்சௌபர்' நம் செய்வினைக்கு அப்படியே பொருந்துகிறது. ஹெக்ஸெக்குச் சூனியக்காரியையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் சூனியத்தில் சாத்தான் ஒப்பந்தமும் இல்லை, இரவுக் கூட்டமும் இல்லை, ஆகவே சொல் முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் வேண்டும். 'ஹெக்ஸன்ப்ரோட்செஸ்' என்பதைச் 'சூனியக்காரி வழக்கு' என்பதைவிடச் 'சூனிய வழக்கு' என்பது சரி. அந்த வழக்குகளில் எரிக்கப்பட்டவர்களில் ஆண்களும் உண்டு.