பாக்டீரியா வளர்றது ஒரு கணக்கு, பாலிமர் சேக்குறது வேற கணக்கு

டேங்க்ல சர்க்கரைத் தண்ணி, கொஞ்சம் உப்புச்சத்து, கீழருந்து காத்து, உள்ள பாக்டீரியா. ரெண்டு நாள் கழிச்சு இதுல எவ்வளவு பாலிமர் (சின்ன மூலக்கூறுங்க சங்கிலியா கோத்துக்கிட்ட பொருள், பிளாஸ்டிக், கோந்து மாதிரி) கிடைக்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும். ஆனா பாக்டீரியா எவ்ளோ வளருதுங்கிற கணக்கு மட்டும் அதுக்கு பத்தாது.

முதல்ல வளர்ச்சிய பாத்துடலாம். ஈ.கோலைங்கிற பாக்டீரியா நல்ல சூழ்நிலைல 20 நிமிஷத்துக்கு ஒருதடவ ரெண்டாகும், அப்டியே 10 மணி நேரம் ஓடுச்சுன்னா ஒரே ஒரு செல் 107 கோடியாயிடும், ஆனா நிஜத்துல சாப்பாடு தீந்துபோய் நின்னுடும். சாப்பாட்டுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவ 1940கள்ல பிரான்ஸ்ல ஜாக் மோனோ ஒரு சின்ன சமன்பாட்டுல புடிச்சாரு. அதுல ரெண்டே எண்தான்: அதிகபட்ச வேகம் ஒண்ணு, அந்த வேகத்துல பாதி வர்றதுக்கு எவ்ளோ சர்க்கரை வேணுங்கிறது இன்னொண்ணு. அந்த பாதி அளவ மாதிரி 9 மடங்கு சர்க்கரை இருந்தா 90 சதவீத வேகம் வந்துடும், அதயே டபுள் பண்ணி 18 மடங்கு போட்டாலும் 95 சதவீதத்த தாண்டாது. அதனாலதான் சும்மா சர்க்கரைய கொட்டுனா வேகம் ஏறாது.

இப்ப பாலிமர். 1959ல லூடெக்கிங், பிரெட்னு ரெண்டு பேரு பாக்டீரியா சர்க்கரைய லாக்டிக் ஆசிடா மாத்துற ஃபெர்மென்டேஷன பாத்துட்டு, பொருள் உண்டாகுற வேகத்த ரெண்டு துண்டா பிரிச்சாங்க. லாக்டிக் ஆசிட் பாலிமர் இல்லதான், ஆனா அதே கணக்க பாலிமருக்கும் போடலாம். செல் வளர்றப்போ கூடவே வர்றது ஆல்ஃபா துண்டு, செல் வளராம சும்மா உயிரோட இருந்தாலே வர்றது பீட்டா துண்டு. எனக்கு ரொம்ப புடிச்சது இந்த பீட்டாதான். ஒரு கணக்குக்கு லிட்டருக்கு 2 கிராம் செல் இருக்கு, பீட்டா 0.1ன்னு வைங்க (ஒரு கிராம் செல் ஒரு மணி நேரத்துல 0.1 கிராம் பண்ணுது), வளர்ச்சி சுத்தமா நின்னு 40 மணி நேரம் ஆனாலும் லிட்டருக்கு 8 கிராம் புதுசா சேந்துடும். வளர்ச்சி நின்னுடுச்சேன்னு டேங்க அப்பவே நிறுத்திருந்தா அந்த 8 கிராம் போச்சு.

பிஎச்பின்னு ஒரு மக்கும் பிளாஸ்டிக் இருக்குல்ல, 1920கள்ல மோரிஸ் லெமுவான் பாக்டீரியாக்குள்ள கண்டுபுடிச்சது, அதுல கதை இன்னும் சுவாரசியம். சர்க்கரை நெறய இருக்கு ஆனா நைட்ரஜன் தீந்துடுச்சுன்னா புது புரதம் கட்ட முடியாது, செல் பெருக முடியாது, அப்போ வர்ற கார்பன செலவழிக்க வழியில்லாத சம்பளம் மாதிரி உருண்டை உருண்டையா உள்ளயே சேத்து வச்சுக்கும், காஞ்ச எடைல 80 சதவீதம் வரைக்கும் கூட போகும். இங்கதான் மாடல், அதாவது இந்த மாதிரி சமன்பாடுகள வச்சு கணக்கு, போடுறவங்க கவனமா இருக்கணும். காஞ்ச எடை லிட்டருக்கு 10 கிராம்னு வருது, அதுல 7 கிராம் பிஎச்பின்னா உண்மையா வேல செய்யுற செல் 3 கிராம்தான், மொத்த எடைய வச்சு வளர்ச்சி வேகம் போட்டீங்கன்னா நைட்ரஜனே இல்லாம செல் பெருகுதுன்னு மாடல் சொல்லும், அது நடக்காத காரியம். அதனால ரெண்டயும் தனித்தனி மாறியா எடுத்து, செல் வளர்ச்சிய நைட்ரஜனோட கட்டி, நைட்ரஜன் கொறய கொறய பிஎச்பி வேகம் ஏறுற மாதிரி ஒரு காரணிய சேப்பாங்க. உள்ள இடம் ரொம்புனா வேகம் கொறயும், அதுக்கும் ஒண்ணு.

சாந்தன் கம்னு பாக்டீரியா பண்ற ஒரு கோந்து இருக்கு, அதுல பிரச்சனை வேற எடத்துல. இந்த பாலிமர் செல்லுக்கு வெளிய வந்து தண்ணிய கெட்டியாக்கிடும். ஆக்சிஜனோ 30 டிகிரில காத்துலேர்ந்து லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம்தான் கரையும், அதனால நிமிஷத்துக்கு நிமிஷம் ஊட்டிக்கிட்டே இருக்கணும், கெட்டியான கொழம்புல குமிழி பெருசா சேந்து மேல ஓடிடும், ஆக்சிஜன் உள்ள எறங்காது. கலக்கிக்கு பக்கத்துல மட்டும் திரவம் இளகி ஓடும், சுவரோரம் கிட்டத்தட்ட நின்னுடும். மோனோவும் லூடெக்கிங்-பிரெட்டும் டேங்க் முழுக்க ஒரே மாதிரின்னு நெனச்சுதான் ஓடுது, அதனால சின்ன ஃபிளாஸ்க்ல எடுத்த ஆல்ஃபா பீட்டாவ பெரிய டேங்க்குக்கு அப்டியே தூக்கிட்டு போனா கடைசி சில மணி நேரத்துல மாடல் சொல்றத விட கம்மியாதான் வரும். ஆக்சிஜனுக்குன்னு தனியா ஒரு சமன்பாடு எழுதி, அது எறங்குற வேகம் பிசுபிசுப்பு ஏற ஏற கொறயுற மாதிரி வச்சாதான் அந்த இடைவெளி கொறயும்.