ஏர் பிஸ்டல்: கையை இறக்குறதும் ஷாட் ரொட்டீன்ல ஒரு ஸ்டெப்தான்

ஏர் பிஸ்டல் கோச்சிங்ல எங்கிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதான், "சார் ஒரு ஷாட் 10 விழுது, அடுத்தது 7க்கு போயிடுது, கிரிப்பை மாத்தணுமா, சைட்டை அட்ஜஸ்ட் பண்ணணுமா?" பெரும்பாலும் பிஸ்டல்ல ஒண்ணுமே இருக்காது. பின்னாடி நின்னு பாத்தாலே தெரிஞ்சுடும், முதல் ஷாட்டுக்கு நிதானமா மூச்சு விட்டு கையை இறக்கிருப்பாங்க, அடுத்த ஷாட்டுக்கு மானிட்டர்ல ஸ்கோரை பாத்துட்டே பெல்லட்டை (சின்ன ஈய குண்டு) போட்டு அவசரமா தூக்கிருப்பாங்க. ரெண்டும் ஒரே ஆள் சுட்ட ஷாட் மாதிரியே இருக்காது.

கை ஆடுதுன்னு பயப்படுறவங்க இந்த கணக்கை ஒருதரம் பாருங்க. டார்கெட் 10 மீட்டர்ல இருக்கு, 10 வளையத்தோட விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ., கோட்டை தொட்டாலே 10தான். அதாவது பெல்லட்டோட நடுப்புள்ளி சென்டர்லேருந்து 8 மி.மீ. வரைக்கும் தள்ளி விழுந்தாலும் 10 கிடைக்கும். சைட் ரெண்டும் (குறி பாக்க பிஸ்டல் மேல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு இருக்கும்) நேரா இருந்து கை மட்டும் மொத்தமா 5 மி.மீ. நகர்ந்தா டார்கெட்லயும் அதே 5 மி.மீ.தான், ஒண்ணும் ஆகாது. ஆனா ரெண்டு சைட்டுக்கும் நடுவுல சுமார் 35 செ.மீ.தான் இருக்கு, அதுல ஃப்ரண்ட் சைட் வெறும் 1 மி.மீ. விலகினா டார்கெட்ல 28 மி.மீ. தள்ளி போயிடும், அது நேரா 7. அதனாலதான் கண்ணு ஃப்ரண்ட் சைட்லயே இருக்கணும், கருப்பு வட்டம் மங்கலா தெரிஞ்சா தெரியட்டும்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

இப்போ ரொட்டீனுக்கு, அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதே வரிசையில பண்ற ஸ்டெப்புகளுக்கு வருவோம். நின்ன உடனே கண்ணை மூடி கையை தூக்கி, அப்புறம் திறந்து பாருங்க, பிஸ்டல் இடதுபக்கமோ வலதுபக்கமோ போயிருந்தா கையை இழுத்து சரி பண்ணாதீங்க, பின்னங்காலை கொஞ்சம் நகர்த்துங்க. சும்மா இருக்கிற கையால பிஸ்டலை பிடிச்சு சுடுற கைக்குள்ள பொருத்துங்க, ஒவ்வொரு தடவையும் அதே அழுத்தம். மூச்சை இழுத்துட்டே டார்கெட்டுக்கு மேல வரை தூக்கணும், விட்டுட்டே இறக்கணும், இறங்குறப்பவே டிரிகரோட ஃபர்ஸ்ட் ஸ்டேஜை (ஷாட் போறதுக்கு முன்னாடி லேசா நகர்ற முதல் பகுதி) எடுத்துடணும். கருப்பு வட்டத்துக்கு கீழ நீங்க குறி வைக்கிற ஏரியாவுக்கு வந்ததும் மூச்சு நிக்கும், பின் சைட்டோட பள்ளத்துல ஃப்ரண்ட் சைட்டுக்கு ரெண்டு பக்கமும் வெளிச்சம் சமமா இருக்கும், டிரிகர் ஏற்கனவே நகர்ந்துட்டே இருக்கணும். குறைஞ்சது 500 கிராம் டிரிகர் அது, "இப்போ!"ன்னு பிடுங்கினா சைட் கலைஞ்சுடும்.

சுட்ட அப்புறமும் ஓரிரு செகண்ட் அப்படியே நில்லுங்க. மானிட்டரை பாக்குறதுக்கு முன்னாடி ஷாட் எங்க போயிருக்கும்னு மனசுக்குள்ள சொல்லிடுங்க. உங்க கணிப்பும் மானிட்டரும் ஒத்துப்போச்சுன்னா 8 விழுந்திருந்தாலும் நீங்க சரியான வழியிலதான் இருக்கீங்க, எனக்கு அது தெரியாம விழுந்த 10ஐ விட பெருசு.

பெரும்பாலானவங்க விட்டுடுற ஸ்டெப், சுடாமலே கையை இறக்குறது. ஏரியாவுக்கு வந்து 7, 8 செகண்ட்டுக்குள்ள ஷாட் போகலன்னா கண்ணும் களைச்சிருக்கும் கையும் களைச்சிருக்கும், ஆனா "இவ்ளோ நேரம் பிடிச்சாச்சே"ன்னு அதையே சுட்டு 6 வாங்குவாங்க. இது தைரியம் இல்ல, பழக்கம் இல்லாததுதான். மேட்ச்ல 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம் குடுக்கிறாங்க, சைட்டர்ஸ் (கணக்குல வராத டிரையல் ஷாட்) அதுக்கு முன்னாடியே தனி நேரத்துல முடிஞ்சிடும், அப்போ ஒரு ஷாட்டுக்கு 75 செகண்ட் இருக்கு, ஒருதரம் இறக்கி மூச்சு வாங்கிட்டு திரும்ப தூக்க தாராளமான நேரம். இறக்கினதும் பாதியிலேருந்து தொடராதீங்க, முதல் ஸ்டெப்லேருந்தே ஆரம்பிங்க. பிராக்டிஸ்ல நான் நடுவுல திடீர்னு "இறக்கு"ன்னு சொல்லுவேன், ஷாட் நல்லா வந்துட்டிருந்தாலும் இறக்கியே ஆகணும். அப்போதான் மேட்ச்ல கை தானா இறங்கும்.

இதெல்லாம் பெல்லட் செலவு பண்ணி கத்துக்கற விஷயம் இல்ல, டிரை ஃபயர்லதான், அதாவது பெல்லட் போடாம டிரிகரை இழுத்துப் பழகுறதுலதான் வரும். வெள்ளை சுவரை பாத்து டார்கெட்டே இல்லாம பண்ணுங்க, டிரிகர் விடுபடுற நேரத்துல ஃப்ரண்ட் சைட் அசையுதான்னு மட்டும் கவனிங்க, அசைஞ்சா எந்த பக்கம்னு நோட்ல எழுதுங்க. வீட்ல பண்றவங்க தயவுசெஞ்சு பெல்லட் டப்பாவை வேற ரூம்ல வெச்சுட்டு, பேரல் காலியான்னு கண்ணால பாத்துட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லன்னு தெரிஞ்சப்புறம் ஆரம்பிங்க. சைட் ஏரியாவுக்கு பக்கத்துல வர்ற வரைக்கும் விரல் டிரிகருக்கு வெளியதான், காலி பிஸ்டலா இருந்தாலும்.